தையல்காரியின் வலது கை: ஒரு பிசியோதெரபி நிலையத்தைப் பற்றி

மதுரை ஆரப்பாளையம் பக்கம், ஒரு மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிற சின்ன பிசியோதெரபி நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு மெழுகுத் தொட்டி, சுவரில் தோள் வலிக்காரர்கள் சுற்றுகிற சக்கரம். நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். கூடமாட உதவ ஒரு பெண் உண்டு. நடத்துகிறவர் தன் பெயரையும் நிலையத்தின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருக்கிற ஆட்களையே நிதானமாகப் பார்க்க நேரம் போதவில்லையாம். அதனால் பெயர் இல்லாமல்தான் எழுதுகிறேன். ஆனால் அங்கே என்ன செய்தார்கள், எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டு உடைந்து கட்டுப் பிரித்தவர்கள் தங்கள் ஊரில் எப்படிப்பட்ட இடத்தைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும்.

என் வேலை தையல். ஜாக்கெட்டும் சுடிதாரும்தான் அதிகம். முகூர்த்த மாதங்களில் ஆரி வேலை செய்த பட்டு ஜாக்கெட்டுகள் வரும். என் அப்பா மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டுத் தைத்தவர். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்கு ரொம்ப காலம் முன்பே அவர் தொழிலை விட்டுவிட்டார். நான் வீட்டு முன்னறையில் தைக்கிறேன். வயது 53. போன ஐப்பசி மழையில் வாசல்படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடுகிற எலும்பின் கீழ்முனை உடைந்து பின்பக்கமாகத் தள்ளிவிட்டது. இதற்குக் கோலிஸ் முறிவு என்று பெயர். ஆபிரகாம் கோலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் 1814-லேயே, எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருஷம் முன்பே, இதை விவரித்து எழுதியிருக்கிறாராம். எனக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. எலும்பை இழுத்து உட்கார வைத்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

கட்டுப் பிரித்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் "கட்டுப் பிரிச்சாச்சா? அப்ப சரியாயிருச்சு" என்றார்கள். உண்மையில் பாடு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. தோல் செதில் செதிலாக உரிந்தது. முன்கை பாதியாக மெலிந்திருந்தது. விரல்கள் வீங்கி, மணிக்கட்டு கஞ்சி போட்டுக் காயவைத்த துணி மாதிரி விறைத்து நின்றது. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்கிறது. ஆனால் இத்தனை வாரம் அசையாமல் கிடந்ததில் மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்கிவிடுகிறது. விரல்களை இழுக்கிற நாண்கள் பக்கத்துத் திசுவோடு ஒட்டிக்கொள்கின்றன. தசை கரைந்துபோகிறது. இதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியாது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு ஓர் இடத்துக்குத்தான் போனேன். மணிக்கட்டைச் சுற்றிப் பட்டைகளை ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள். சுருசுருவென்று இருக்கும். மிஷின் கத்தியதும் ஒரு பையன் வந்து கழற்றிவிட்டு "நாளைக்கு வாங்கம்மா" என்பான். கையைத் தொட்டு அசைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கவும் இல்லை. கரண்ட் வைப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், வலியைக் கொஞ்சம் அடக்கத்தான் செய்கிறது. ஆனால் விறைத்த மூட்டைக் கரண்ட் மடக்கிவிடாது. அதை மடக்க வேண்டியது கைதான்: முதலில் அவர்கள் கை, அப்புறம் நம் கை. துணி எடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர்தான் இந்த மாடி நிலையத்தைச் சொன்னார். அவருடைய மாமியாருக்கு இதே முறிவு.

அங்கே முதல் நாள் எந்த மிஷினும் வைக்கவில்லை. மேசைக்கு எதிரே உட்கார வைத்து, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, பாகைமானியில் இரண்டு நீளக் கம்பு பொருத்திய ஓர் அளவுகோலை வைத்து அளந்தார். முதலில் நல்ல கை, அப்புறம் உடைந்த கை. மணிக்கட்டை மேலே தூக்குவதில் இடது கை 70 பாகை, வலது கை 25. கீழே மடக்குவதில் 75, 30. உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவதில் 85, 35. அப்புறம் ஒரு பிடிமானக் கருவியை அழுத்தச் சொன்னார். இடது கையில் முள் 22 கிலோவைத் தொட்டது. வலது கையில் 5-க்கு மேல் ஏறவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினார். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் கொண்டு போக வேண்டும். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. தொழிலில் நானும் அளவை நம்புகிறவள்.

அளந்த பிறகு தோளையும் முழங்கையையும் பார்த்தார். கையைத் தூளியில் தொங்கவிட்டே இருந்ததில் தோளும் இறுகியிருந்தது, எனக்கே அது தெரியாமல் இருந்தது. மணிக்கட்டு உடைந்தவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜமாம். அதற்காகத்தான் அந்தச் சுவர்ச் சக்கரம்.

அப்புறம் கேட்ட கேள்விதான் என் மனசில் நிற்கிறது. "அக்கா, இப்ப உங்களால செய்ய முடியாம எதெல்லாம் கஷ்டமா இருக்கு? ஒன்னு விடாம சொல்லுங்க." சொன்னேன். கையால் சாப்பிட முடியவில்லை. புடவைக் கொசுவம் மடிக்க முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்கக் கை குவியவில்லை. கத்திரிக்கோல் பிடிக்கவே முடியவில்லை. இதையும் அந்த நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். பின்னால் ஒவ்வொன்றாக முடிய முடிய டிக் போட்டார்.

இந்த நிலையத்தை நான் உயர்த்திச் சொல்வதற்கு முக்கியக் காரணம் உள்ளங்கையைத் திருப்புகிற பயிற்சி. பலரும் மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர் வாழ்க்கைக்கு அது போதாது. சோற்றைப் பிசைந்து எடுக்கும்போது உள்ளங்கை தட்டைப் பார்க்கிறது. வாய்க்குக் கொண்டு போகும்போது முன்கை சுழன்று உள்ளங்கை முகத்தைப் பார்க்கிறது. விபூதி வாங்க, சில்லறை வாங்க, சாவி திருப்ப எல்லாவற்றுக்கும் இந்தச் சுழற்சி வேண்டும். முன்கையில் இரண்டு எலும்பு உண்டு. சுழலும்போது கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதைச் சுற்றி வருகிறது. எனக்கு உடைந்தது சுற்றி வருகிற அந்த எலும்பு.

அது சுழலாதபோது நாம் என்ன செய்கிறோம் என்றால், முழங்கையை உடம்பை விட்டு விலக்கி, தோளைச் சாய்த்து, கை திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அதைத் தடுக்க அவர் ஒரு சின்ன வழி வைத்திருக்கிறார். மடித்த துண்டு ஒன்றை முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்து, "இது கீழ விழாம திருப்புங்க" என்பார். துண்டு விழுந்தால் அது கணக்கில் சேராது. துண்டு வைத்ததும் நான் திருப்பினதாக நினைத்திருந்ததில் பாதிகூடத் திரும்பவில்லை. அதன்பின் ஒரு சுத்தியலைக் கொடுத்தார். முதலில் இரும்புத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இடமும் வலமும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். பழகப் பழக, கைப்பிடியின் நுனிக்கு இறங்க வேண்டும். அதே சுத்தியல்தான், ஆனால் நுனியைப் பிடிக்கும்போது தலையின் பாரம் கையை நன்றாக இழுத்துத் திருப்பும். வீட்டில் சுத்தியல் இல்லை என்றதும் இரும்புத் தோசைத்திருப்பியை வைத்துச் செய்யச் சொன்னார். அடுப்படியில் பால் காய்கிற நேரத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மெழுகு வைப்பது பலருக்கும் தெரிந்த சிகிச்சைதான். பாரஃபின் மெழுகை 50 முதல் 55 டிகிரிக்குள் உருக்கி வைத்திருப்பார்கள். கையை முக்கி, எடுத்து, ஒரு படலம் உறைந்ததும் மறுபடி முக்கி, ஏழெட்டுப் படலம் ஆனதும் பிளாஸ்டிக் உறையும் துண்டும் சுற்றிக் கால் மணி நேரம் விடுவார்கள். இதமாக இருக்கும், தூக்கம் வரும். ஆனால் இங்கே மெழுகை உரித்ததும் ஒரு நிமிஷம்கூடச் சும்மா உட்கார விடவில்லை. சூட்டில் திசு இளகியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவரே என் கையைப் பிடித்து, மணிக்கட்டுச் சிற்றெலும்புகளை முன்னும் பின்னும் நகர்த்தி, மடக்கி, நீட்டி, திருப்பிவிடுவார். மெழுகு வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிற இடங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். வலிக்காமல் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்த நாட்கள் உண்டு. ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அழுத்துவார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வலியைப் பற்றி அவர் சொன்ன கணக்கு எளிமையானது. இழுக்கும்போது வலித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அது நல்ல வலி. மறுநாள் காலையிலும் வலியும் வீக்கமும் நின்றால் முந்தின நாள் அதிகமாகச் செய்துவிட்டோம், குறைக்க வேண்டும். கை நெருப்புப் பட்டாற்போல எரிந்தாலோ, தோல் பளபளப்பாகி நிறம் மாறினாலோ, தொட்டாலே தாங்கமுடியாமல் போனாலோ பயிற்சியை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே எலும்பு டாக்டரிடம் போய்விட வேண்டும். சிலருக்கு எலும்பு கூடின பிறகும் நரம்புகள் அடங்காமல் அப்படி ஒரு வலி நோய் வருகிறது. ஆரம்பத்திலேயே பார்த்தால்தான் நல்லது.

இன்னொன்றையும் ஒவ்வொரு தடவையும் பார்த்தார். உள்ளங்கையை மேசையில் பதித்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்வார். ஏன் என்று கேட்டேன். இந்த முறிவுக்குப் பிறகு, சில வாரம் கழித்துக்கூட, கட்டைவிரலைத் தூக்குகிற நாண் எலும்பின் மேட்டில் உரசி உரசி அறுந்துபோவதுண்டாம். எலும்பு அதிகம் நகராத லேசான முறிவுகளிலும் அது நடக்குமாம். திடீரென்று ஒருநாள் விரல் தூக்க வரவில்லை என்றால் அது களைப்பு இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். ஊசி பிடித்துப் பிழைக்கிறவளுக்குக் கட்டைவிரல் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை எனக்கு வேறு யாருமே சொல்லவில்லை.

வீட்டுப் பயிற்சிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று விரல்களுக்கு: நேராக நீட்டுவது, நுனி இரண்டு கணுவை மட்டும் கொக்கியாக மடக்குவது, முழு முஷ்டி, விரலடியில் மட்டும் மடக்கிப் பலகையாக வைப்பது, திரும்ப நேராக. நாண்கள் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி ஓடுவதற்கு இது. இன்னொன்று வணக்கம். நெஞ்சுக்கு நேரே இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, பிரியாமல் மெதுவாகத் தொப்புள் பக்கம் இறக்க வேண்டும். இறங்க இறங்க மணிக்கட்டு பின்னால் வளையும். முதலில் என் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடவே இல்லை, விரல் நுனிகள் மட்டும்தான் சேர்ந்தன. இதைத் தினம் ஒரே மூச்சில் செய்யக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் என்று பிரித்துச் செய்யச் சொன்னார். நான் ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் கொக்கி வைத்து முடித்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன். (கொக்கி வைப்பது அப்போது என் மகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.)

இனி கத்திரிக்கோல். பிடிமானம் 10 கிலோவைத் தொட்டதும் "அக்கா, நாளைக்கு வரும்போது உங்க கத்திரிக்கோலையும் கொஞ்சம் வேஸ்ட் துணியையும் எடுத்துட்டு வாங்க" என்றார். என்னுடையது மீரட் கத்திரிக்கோல், அப்பா வைத்திருந்தது, நல்ல கனம். மேசையில் வைத்ததும் அவர் முதலில் அதைத் தானே எடுத்து வெட்டிப் பார்த்தார். பிடிக்கும்போது மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது, கட்டைவிரல் வளையம் எங்கே அழுத்துகிறது என்று பார்த்துவிட்டு என்னைப் பிடிக்கச் சொன்னார். நான் வெட்டும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கத்தில்தான் எனக்கு வலியும் இருந்தது. இந்த முறிவுக்குப் பிறகு சுண்டுவிரல் பக்கத்து வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு என்று சொல்லி, மேசை உயரத்தைக் கேட்டார். என் வெட்டு மேசை எனக்குக் கொஞ்சம் உயரம். கீழே ஒரு பலகை போட்டு நின்று வெட்டச் சொன்னார். கத்திரியின் கீழ்ப்பக்கம் மேசையிலேயே படுத்து நகர வேண்டும், கையால் தூக்கக் கூடாது. இந்த இரண்டு மாற்றத்திலேயே வலி பாதி குறைந்தது.

வெட்டுவதற்கும் படிப்படியாக வரிசை போட்டுக் கொடுத்தார். முதலில் ஒற்றை மல்மல் துணி. அப்புறம் பருத்தி ஜாக்கெட் பிட். பிறகு லைனிங்கோடு இரட்டையாக. பட்டு கடைசியில். கேன்வாஸும் திரைச்சீலைத் துணியும் டாக்டர் சொல்லும்வரை கூடாது. மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் தள்ளுவது, ஊசியில் நூல் கோர்ப்பது, கொக்கி தைப்பது எல்லாவற்றையும் அந்த மேசையிலேயே செய்ய வைத்தார். ஊசியைக் கிள்ளிப் பிடிக்கிற பலம் முஷ்டி பலத்தைவிடச் சீக்கிரமாகத் திரும்பியது எனக்கே ஆச்சரியம். அயர்ன் பாக்ஸ்தான் ரொம்ப நாள் பிடித்தது. அதன் கனத்தைவிட, மணிக்கட்டு பின்னால் வளைந்தபடியே அழுத்த வேண்டியிருக்கிறதே, அதுதான் சிரமம்.

நடுவில் வீட்டில் ஒரே பேச்சு, சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் எண்ணெய் போட்டு இழுத்துவிட்டு வா என்று. என் பெரியம்மா புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டவர், அவருக்கு அதில் நம்பிக்கை. பிசியோவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ நீங்களே தடவி, விரலிலிருந்து முழங்கை நோக்கி மெதுவாக நீவுங்கள், வீக்கம் இறங்கும், தோலும் மிருதுவாகும் என்றார். ஆனால் புதிதாகக் கூடின எலும்பை யாரும் பலமாக முறுக்கவோ சடக்கென்று இழுக்கவோ கூடாது என்று உறுதியாகச் சொன்னார். வீங்கியிருக்கும்போது கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் உயர்த்தி வைப்பதும் சேர்ந்தால்தான் நீவுவதற்குப் பலன் என்றார். செய்தேன். பழைய மோதிரம் திரும்ப ஏறியது.

வாங்கின சாமான்களையும் சொல்லிவிடுகிறேன், இதில் காசு வீணாக்குகிறவர்கள் நிறைய.

மணிக்கட்டுப் பட்டை, உள்ளே தகடு வைத்தது, சுமார் 450 ரூபாய். கூட்டத்தில் போகும்போதும் ராத்திரியிலும் போட டாக்டர் சொன்னது. கட்டைவிரல் ஓட்டையில் தையல் உள்பக்கம் தடிப்பாக விட்டிருக்கிறார்கள், இரண்டே நாளில் தோல் சிவந்துவிட்டது. மதுரை வெயிலுக்கு அந்த ஸ்பாஞ்சுத் துணி வேர்த்து நாறும். வெல்க்ரோ பட்டுப்புடவையில் பட்டால் நூலை இழுத்துவிடும். பழைய காட்டன் வேட்டித் துணியில் உள்ளுறை ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டேன், வெல்க்ரோ மேலே மூடுகிற மாதிரி ஒரு மடிப்பும் வைத்தேன். பிசியோ அதைப் பார்த்துவிட்டு வேறு சிலருக்கும் தைத்துத் தரச் சொன்னார், தைத்துக் கொடுத்திருக்கிறேன். பட்டை வேண்டியதுதான், ஆனால் பகல் முழுக்க அதிலேயே இருந்தால் விறைப்பு போகாது.

பிசைகிற புட்டி (களிமண் மாதிரி இருக்கிற பயிற்சிப் பசை), 300 ரூபாய்க்குப் பக்கம். மென்மையானதில் ஆரம்பித்துக் கெட்டியானதுக்குப் போக வேண்டும், நிறத்தை வைத்துப் பிரித்திருப்பார்கள். நல்ல பொருள்தான், கிள்ளலாம், உருட்டலாம், விரலுக்கு நடுவே நசுக்கலாம். துணியில் ஒட்டினால் வராது, தையல்காரர்கள் ஜாக்கிரதை. காசு இல்லை என்றால் சப்பாத்தி மாவு போதும் என்று பிசியோவே சொல்கிறார். நான் இரண்டையும் செய்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சிரிக்கிற முகம் போட்ட பந்து எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். பந்தைப் பிடித்தால் விரல் முழுதாக மடங்காது, பாதியில் நின்றுவிடும். திறக்கிற பயிற்சியும் அதில் இல்லை. ஐந்து விரலையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு விரித்துப் பழகுவது இதைவிட உபயோகம், செலவும் இல்லை. ஸ்பிரிங் வைத்த கைப்பிடிக் கருவி ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம், அது நல்ல கைக்காரர்களுக்கு.

வீட்டு மெழுகுத் தொட்டி சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. தேவையில்லை. வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் கையை வைத்து அதற்குள்ளேயே ஆட்டினால் வீட்டுக்குப் போதும். அடுப்பில் மெழுகுவர்த்தியை உருக்கிக் கை வைப்பதாக ஒருவர் சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மெழுகுவர்த்தி மெழுகு உருக இதைவிட அதிகச் சூடு வேண்டும், கை வெந்துவிடும்.

நிலையத்தில் சரியில்லாதவையும் உண்டு. படிக்கட்டு குறுகல், செங்குத்து, லிஃப்ட் இல்லை. கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான். ஏறும்போது அது வலது பக்கம் வருகிறது, எனக்கு உதவவில்லை. விழுந்து கை உடைந்தவர்கள் வருகிற இடத்தில் இது பெரிய குறை. முழங்கால் வலிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே மருந்துக்கடைப் பின்னறையில் வந்து பார்க்கிறார், ஆனால் அங்கே மெழுகு இல்லை. மெழுகுத் தொட்டி ஒன்றே ஒன்றுதான், சாயங்காலம் போனால் காத்திருக்க வேண்டும். பக்கவாத நோயாளி யாராவது இருந்தால் சொன்ன நேரம் நிச்சயம் தள்ளிப்போகும். அவர்களை அவசரப்படுத்த அவருக்கு மனசில்லை, நமக்கும் கேட்க மனசு வராது.

மெழுகு பொதுத் தொட்டி என்பதில் எனக்கு ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, புண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முக்க விடுகிறார். எப்போது மெழுகு மாற்றினீர்கள் என்று எழுதி ஒட்டினால் நல்லது என்று சொன்னேன். இப்போது தொட்டி மேலேயே தேதி ஒட்டியிருக்கிறார். வீட்டுப் பயிற்சிக்குக் கொடுக்கிற தாள் நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போனது, எழுத்தும் ஆங்கிலத்தில். அதைத் தமிழில் அடித்துத் தர வேண்டும். எனக்கு என் போனிலேயே வீடியோ எடுத்துக் கொடுத்துவிட்டார், அதுதான் உதவியது.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை அவர்தான் கிளப்பினார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்தது என்றால் எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிட வேண்டும், டாக்டரிடம் கேளுங்கள் என்றார். டெக்ஸா என்ற ஸ்கேன் எடுத்தார்கள். அதில் வருகிற டி ஸ்கோர் என்ற எண் கழித்தல் 2.5, அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை, அதாவது அடர்த்தி குறைந்து எலும்பு பலவீனமாகிற நோய், என்று கணக்கு. எனக்குக் கழித்தல் 2.7. இப்போது டாக்டர் கொடுத்த மருந்தும் கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிடுகிறேன். இந்தத் தடவை மணிக்கட்டு. அடுத்து விழுந்தால் இடுப்பெலும்பாகவும் இருக்கலாம் என்பதால் இது சின்ன விஷயமே இல்லை. என் அக்கா தங்கைகளையும் எடுக்க வைத்திருக்கிறேன்.

இப்போது நோட்டில் கடைசியாக எழுதின அளவு: மேலே தூக்குவது 60, கீழே 60, உள்ளங்கை திருப்புவது 80, பிடிமானம் 17 கிலோ. சாப்பாடு, கொசுவம், சாவி, தீர்த்தம் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்துவிட்டது. நனைந்த பெட்ஷீட் பிழிவதற்கு இன்னும் விழவில்லை. ஒரு வருஷம் வரைகூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்கிறார். ஜாக்கெட் எல்லாம் பழையபடி எடுத்துக்கொள்கிறேன், திரைச்சீலை ஆர்டர்களை மட்டும் பக்கத்துத் தெருக்காரரிடம் அனுப்பிவிடுகிறேன்.

கட்டணம் முதல் நாள் 400 ரூபாய், அப்புறம் தடவைக்கு 300, மெழுகு அதிலேயே சேர்த்தி. கரண்ட் மட்டும் வைக்கிற இடங்களில் 200 வாங்குகிறார்கள். கூடக் கொடுக்கிற நூறு ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் ஒரு மனுஷி நம் கையோடு உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் தேறினதும் தினம் வரச் சொல்லாமல் வாரம் இரண்டு, பிறகு ஒன்று என்று அவரே குறைத்துவிட்டார். வீட்டில் செய்தால் போதும் என்று சொல்லி வருமானத்தைக் குறைத்துக்கொள்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. போன்பே, ஜிபே உண்டு, கார்டு இல்லை. ஞாயிறு விடுமுறை.

உங்கள் ஊரில் இப்படி ஓர் இடம் தேடுகிறீர்கள் என்றால் முதல் நாளில் மூன்று விஷயம் பாருங்கள்: இரண்டு கையையும் அளக்கிறார்களா, உங்கள் வேலை என்ன என்று கேட்கிறார்களா, மிஷினைக் கழற்றின பிறகு கையைத் தொடுகிறார்களா. போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, கட்டுப் போடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வளையல், மோதிரம் வேண்டாம். முழங்கைவரை ஏற்றக்கூடிய தளர்ந்த கை வைத்த ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், இறுக்கமான கையை மெழுகுக்கு மேலே ஏற்ற முடியாது. ஆரப்பாளையம் நிலையத்துக்கு வருகிறவர்கள் காலை பதினொன்றுக்கு மேல் வந்தால் கூட்டம் குறைவு. இறங்கும்போது கம்பி இடது பக்கம் வரும். வலது கை உடைந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள்.